அசகுசா முதல் ரியூசென் வரை

ஜப்பானியக் கவிதையைத் தமிழர்க்கு முதலில் எடுத்துச் சொன்னவர் மகாகவி பாரதியார். 1916-ஆம் ஆண்டில் அவர் சுதேசமித்திரனில் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் சிறு கட்டுரை, சொற்சுருக்கத்தின் பெருமையை நமக்கு உணர்த்தியது. அன்று இட்ட வித்து இன்று தமிழில் தோப்பாக வளர்ந்து நிற்கிறது. நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் ஹைக்கூ படிக்கப்படாத மாதம் அரிது. பாஷோ, பூசோன், இஸ்ஸா ஆகிய பெயர்கள் நம் கவிஞர்களின் நாவில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்குகின்றன.

ஆயினும், அந்நாட்டு மண்ணை மிதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, என் உள்ளத்தைப் பிணித்தவர் இம்மூவருள் எவரும் அல்லர். இருபத்து நான்காம் வயதில் மறைந்த ஒரு பெண் எழுத்தாளர் அவர். பத்து மாதம் பெட்டிக்கடை நடத்திப் பிழைக்க முயன்று தோற்றவர். அவர் வாழ்ந்த தெருவைத் தேடிச் சென்ற வழியில் கண்ட கோயிலும் வாயிலும் பாலமும் எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பின. தீயும் நிலநடுக்கமும் போரும் அழித்த பின்னரும் ஓர் ஊர் எவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது, யாரை மறந்துவிடுகிறது என்பதே அக்கேள்வி. அதனை இப்பத்தாண்டு நிறைவு மலரில் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இடிவாயிலும் கன்னோன் கோயிலும்

தோக்கியோ மாநகரின் 23 வட்டங்களுள் பரப்பில் மிகச் சிறியது தைத்தோ வட்டம். அதன் கிழக்கெல்லையாகச் சுமிதா ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேலைக் கரையில் அமைந்த பழம்பகுதியே அசகுசா. தோக்கியோ ‘எடோ’ என்று வழங்கிய காலத்தில், மேட்டு நிலத்தில் படைத்தலைவர்களின் மாளிகைகளும், ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த தெருக்களும் இருந்தன. அசகுசா இத்தாழ்நில மக்களின் ஊர்.

கடந்த நவம்பரில், பணிநிமித்தம் அங்கே வாழும் என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு காலை வேளையில் அசகுசாவின் புகழ்பெற்ற நுழைவாயிலான ‘கமினாரிமோன்’ முன்னர் நின்றேன். இச்சொல்லுக்கு இடிவாயில் என்பது பொருள். வாயிலின் ஒரு புறம் காற்றுக் கடவுளும் மறுபுறம் இடிக் கடவுளும் நிற்கின்றனர். நடுவே ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள செந்நிறக் காகித விளக்கு தொங்குகிறது. இவ்வாயில் மிகப் பழமையானது என்றே அதனைக் காண்பவர் கருதுவர். உண்மை வேறு. பழைய வாயில் 1865-இல் தீக்கிரையாயிற்று. அதன்பின் 95 ஆண்டுகள் அவ்விடத்தில் நிலையான வாயிலே இல்லை. தொழிலதிபர் மத்சுஷிதா கோனொசுகே, தம் நோய் நீங்கியமைக்கு நன்றியாக அளித்த பொருளைக்கொண்டு 1960-இல் எழுந்ததே இன்றைய வாயில்.

வாயிலைக் கடந்தால் ‘நகமிசே’ என்னும் கடைவீதி ஏறத்தாழ 250 மீட்டர் தூரம் நீள்கிறது. அரிசி வறுவலும், இனிப்பு அடைத்த பணியாரமும், விசிறியும், சீப்பும் விற்கும் சிறு கடைகள் இரு மருங்கும் உள்ளன. எடோ காலத்தில், கோயில் வளாகத்தைப் பெருக்கித் தூய்மை செய்யும் பொறுப்பை ஏற்ற அக்கம்பக்கத்து மக்களுக்கு, அதற்கு ஈடாகக் கடை வைக்கும் உரிமை வழங்கப்பட்டது. துடைப்பத்தில் தொடங்கிய வீதி இது என்று சொல்லலாம்.

வீதியின் முடிவில் உள்ளது சென்சோஜி என்னும் புத்தர் கோயில். கி.பி. 628-ஆம் ஆண்டில் ஹினோகுமா உடன்பிறந்தார் என்னும் மீனவர் இருவர் ஆற்றில் வலை வீச, வலையில் மீனுக்கு மாறாகக் கன்னோன் திருவுருவம் ஒன்று அகப்பட்டது என்பது தலவரலாறு. அவ்வூர்த் தலைவர் ஹாஜி நோ நகதோமோ அதன் பெருமையை உணர்ந்து தம் இல்லத்தையே கோயிலாக்கினார். 645-இல் ஷோகாய் என்னும் துறவி அதற்கு மண்டபம் எடுத்து, திருவுருவத்தை எவரும் காணாதவாறு மறைத்துவைத்தார். இன்றளவும் அது மறைவாகவே வழிபடப்படுகிறது.

இக்கன்னோன் நமக்கு அயலானவர் அல்லர். அவலோகிதேசுவரரே சீனத்தின் வழியாக ஜப்பான் சென்று கன்னோன் ஆனார். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதனிடம் என்று பதினோராம் நூற்றாண்டு இலக்கணமாகிய வீரசோழியம் கூறுவதை நாம் அறிவோம். கோயிலின் மூலமண்டபத்து முன் நின்றபோது, என் பாடநூலில் ஒரு பெயராக மட்டும் இருந்த அவலோகிதன், ஊதுவத்திப் புகைக்கு நடுவே மக்கள் காசு எறிந்து கைகூப்பும் தெய்வமாக இருக்கக் கண்டு சற்று நேரம் அசைவற்று நின்றேன்.

1649-இல் கட்டப்பட்ட அக்கோயிலின் மூலமண்டபம் 1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. ஆனால் 1945 மார்ச் 10 அன்று அமெரிக்க வானூர்திகள் பொழிந்த தீக்குண்டுகளுக்கு அது தப்பவில்லை. இன்று நாம் காணும் மூலமண்டபம் 1958-இல் கற்காரையால் எழுந்தது. உள்வாயிலாகிய ‘ஹோசோமோன்’ 1964-இலும், ஐந்தடுக்குக் கோபுரம் 1973-இலும் மீண்டும் கட்டப்பட்டன. அக்கோபுரத்தின் உச்சி அடுக்கில், இலங்கையின் அனுராதபுரத்து இசுருமுனிய விகாரை வழங்கிய புத்தர் திருவெச்சம் வைக்கப்பட்டுள்ளது.

தீயிலிருந்து தப்பியவையும் சில உள்ளன. கிழக்குப் புறத்து ‘நிதென்மோன்’ வாயில் 1618-ஆம் ஆண்டினது. அதன் அருகே, திருவுருவத்தைக் கண்டெடுத்த இருவரையும் நகதோமோவையும் தெய்வமாக்கி வழிபடும் அசகுசா ஷிந்தோ கோயில் 1649-ஆம் ஆண்டினது. மூலமண்டபத்தின் பக்கத்தில் கிங்கோ மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடிமரத்தில் தீயின் கருகல் இன்னும் உள்ளது; கிளைகளிலோ நவம்பர் மாதத்துப் பொன்னிற இலைகள். காவலர் எவரும் இல்லை. தடுப்புக் கயிறும் என் கண்ணில் படவில்லை.

பாஷோ கேட்ட மணி

கோயில் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு சிறு குன்று உள்ளது. அதற்குப் பென்தென் குன்று என்று பெயர். பென்தென் என்பவர் நம் கலைமகளே. சரசுவதி வழிபாடு பௌத்தத்தோடு சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பான் சேர்ந்து இப்பெயர் பெற்றது. அக்குன்றின் மீது காலம் அறிவிக்கும் மணி ஒன்று தொங்குகிறது.

சுமிதா ஆற்றின் கீழ்ப்புறக் கரையில், ஃபுகாகவாவில், 1680 முதல் குடில் அமைத்து வாழ்ந்த பாஷோ, 1687-ஆம் ஆண்டின் கவிதை ஒன்றில் அசகுசாவின் மணியோசையைக் குறிப்பிட்டுள்ளார். அக்கவிதையை நம் அன்பர்கள் பலர் மொழிபெயர்ப்பில் படித்திருப்பர். அம்மணியைக் காணும் ஆவலோடு குன்றேறிய எனக்கு ஒரு சிறு ஏமாற்றம் காத்திருந்தது. இன்றுள்ள மணி 1692-இல், ஷோகுன் த்சுனயோஷியின் ஆணைப்படி வார்க்கப்பட்டது. எனவே பாஷோ அக்கவிதையில் குறித்த ஓசை இம்மணியினுடையது அன்று. மணிக்கூண்டோ இன்னும் இளையது. பழையது 1945-இல் எரிந்தபின் 1950-இல் கட்டப்பட்டது. எனினும் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அம்மணி ஒலிக்கிறது. வார்த்த உலோகம் வேறு, தொங்கும் கூண்டு வேறு. ஒலிக்கும் வழக்கம் மட்டும் அறுபடவில்லை.

இங்ஙனம் நோக்கின், அசகுசாவில் பழமை என்பது கல்லின் வயதைப் பொறுத்ததாகத் தோன்றவில்லை. அழிந்ததை மீண்டும் அதே இடத்தில் எடுத்து நிறுத்தும் மக்களின் விருப்பமே அங்குப் பழமையாக நிலவுகிறது. ஆனால் இவ்விருப்பம் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிட்டுகிறதா? வடக்கு நோக்கி நடந்தபோது இவ்வினாவே என்னோடு வந்தது.

கவிதையின் பெயர் தாங்கிய பாலம்

கோயிலிலிருந்து ஆற்றங்கரைப் பூங்கா வழியே சிறிது தூரம் நடந்தால் கோதோதொய் பாலம் வருகிறது. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் நகரைப் புதுக்கியபோது, 1928-இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம் இது. இதன் பெயர் ஒரு கவிதையிலிருந்து பிறந்தது என்பதைக் கவிஞர்கள் விரும்பிக் கேட்பர். ‘இசே மோனொகதாரி’ என்னும் பழங்கதைத் தொகுதியில், தலைநகரைப் பிரிந்து சுமிதா ஆற்றங்கரைக்கு வந்த ஒருவன், அங்குக் கண்ட பறவையிடம் தன் அன்புக்குரியவளின் நலத்தை வினவுகிறான். அக்கவிதையை இயற்றியவர் ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அரிவாரா நோ நாரிஹிரா. அவர் ஆண்ட, ‘வினவுதல்’ என்னும் பொருளுடைய சொல்லே பாலத்தின் பெயராயிற்று.

1945 மார்ச் 10-ஆம் நாள் பின்னிரவில், தீக்கு அஞ்சி ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் மக்கள் இப்பாலத்தின் மீது ஓடிவந்தனர். எதிரெதிரே வந்த கூட்டம் நகர இயலாமல் நடுவில் நெருக்குண்டது. தீ பாலத்தைக் கடந்து சென்றது. அவ்வோர் இரவில் தோக்கியோவில் மாண்டவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்பது கணிப்பு. 1992-இல் பாலம் சீரமைக்கப்பட்டபோது அகற்றப்பட்ட ஓரக்கற்களில் சிலவற்றைப் பூங்காவிலுள்ள நினைவுக்கல்லின் அருகே வைத்துள்ளனர். காதலியின் நலம் கேட்டுப் பெயர் பெற்ற பாலத்தின் கற்கள் அவை. அவற்றின் அருகில் யாரோ ஒருவர் தண்ணீர் நிரம்பிய குவளை ஒன்றை வைத்துச் சென்றிருந்தார்.

யோஷிவாரா

பாலத்திலிருந்து வடமேற்காகக் கால்மணி நேரத்துக்கும் சற்று மேலாக நடந்தால், ஒரு பெட்ரோல் நிலையத்தின் அருகே தனித்த அலரி மரம் ஒன்று நிற்கிறது. ‘திரும்பிப் பார்க்கும் அலரி’ என்பது அதன் பெயர். பலமுறை பட்டுப்போய், பலமுறை மீண்டும் நடப்பட்ட மரம் அது. யோஷிவாராவில் இரவைக் கழித்து வீடு திரும்பும் ஆடவர் இவ்விடத்தில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பராம். மரத்தின் பெயர் அவ்வாடவரின் ஏக்கத்தைக் காத்து வைத்திருக்கிறது. உள்ளே இருந்த பெண்கள் எத்திசையை நோக்கினர் என்பதைச் சொல்லும் மரம் எதனையும் நான் காணவில்லை.

யோஷிவாரா என்பது எடோ அரசின் ஒப்புதலோடு இயங்கிய பரத்தையர் குடியிருப்பு. முதலில் நிஹோன்பாஷிக்கு அருகே இருந்த அது, 1657-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் அசகுசாவின் வடக்கே வயல்வெளிக்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, வழக்கமாகப் புகவும் போகவும் பெருவாயில் ஒன்றே. வறுமையுற்ற குடும்பங்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு பெண்மக்களை அங்கு விட்டுச் சென்றன. உணவும் உடையும் மருந்தும் கடனில் ஏற, அக்கடன் தீரும்வரை அப்பெண்கள் அகழியைத் தாண்ட இயலாது. மரச்செதுக்கு ஓவியங்களிலும் நாடகங்களிலும் யோஷிவாரா பட்டும் விளக்குமாகக் காட்சி தருகிறது. அப்பட்டின் விலையும் அப்பெண்களின் கடன்கணக்கிலேயே எழுதப்பட்டது.

1872-இல் மெய்ஜி அரசு இப்பெண்களை விடுவிக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆனால் பரத்தையர் இல்லங்கள் ‘வாடகை அறைகள்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தன. பரத்தைமைத் தடுப்புச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, 1958 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதே உரிமம் பெற்ற யோஷிவாரா முடிவுற்றது. இன்று அகழி இல்லை; பெருவாயில் இல்லை. உள்ளே நடப்பது வெளிச்சாலையிலிருந்து தெரியாதவாறு அன்று வளைத்து அமைத்த தெரு மட்டும் அப்படியே வளைந்து செல்கிறது. அத்தொழிலின் நிழலும் அத்தெருக்களைவிட்டு முற்றும் நீங்கவில்லை என்பதைக் கடைகளின் முகப்புகளே கூறின. நான் தலைகுனிந்து விரைந்து நடந்தேன். பின்னர் எதற்காகத் தலைகுனிந்தேன் என்று எண்ணி நாணினேன்.

அத்தெருவின் மறுமுனையில் பென்தென் கோயில் ஒன்று உள்ளது. முன்பு அங்கிருந்த குளத்தில், 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத் தீக்கு அஞ்சி இறங்கிய நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் யோஷிவாராப் பெண்கள். அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட கன்னோன் சிலை அங்கு நிற்கிறது. கலைமகளும் அவலோகிதரும் இங்கே மீண்டும் அருகருகே இருக்கக் கண்டேன். அசகுசாப் பெருங்கோயிலில் திரண்ட கூட்டம் இங்கில்லை.

பெட்டிக்கடை வைத்த எழுத்தாளர்

யோஷிவாராவின் அகழிக்கு வெளியே, மேற்கில், ரியூசென் என்னும் தெருப்பகுதி. 1893 ஜூலையில் இங்கு ஒரு வரிசை வீட்டில் மூன்று பெண்கள் குடியேறினர்: விதவைத் தாய் தாகி, இரண்டாம் மகள் நாத்சு, இளைய மகள் குனி. இந்த நாத்சுவே ஹிகுச்சி இச்சியோ என்னும் புனைபெயரால் ஜப்பானிய இலக்கியத்தில் நிலைபெற்றவர்.

இச்சியோ பிறந்த ஆண்டு 1872. யோஷிவாராப் பெண்களை விடுவிக்கும் ஆணை பிறந்த அதே ஆண்டு. பெண்ணுக்கு நெடிய படிப்பு வேண்டாம் என்று தாய் கருதியதால் பதினோராம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. தந்தையின் ஆதரவால் 1886-இல் நகஜிமா உதாகோ அம்மையார் நடத்திய ‘ஹகினோயா’ கவிதைப் பள்ளியில் சேர்ந்து, மரபுவழி வாகா கவிதையும் செவ்விலக்கியமும் கற்றார். அங்கு உடன் பயின்றோர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பெண்கள். 1887-இல் தமையனும் 1889-இல் தந்தையும் இறந்தனர். பதினேழு வயதில் தாயையும் தங்கையையும் காக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. தையலும் சலவையும் செய்தும் கடன் வாங்கியும் நாட்களைத் தள்ளினர். கதை எழுதிப் பொருளீட்டலாம் என்ற எண்ணம் அவ்வறுமையில் பிறந்ததே.

‘இச்சியோ’ என்றால் ஓரிலை. தென்னிந்திய அரசகுமாரர் என்று மரபு கூறும் போதிதருமர் நாணல் இலை ஒன்றின்மீது ஆற்றைக் கடந்தார் என்னும் கதையிலிருந்து அப்பெயரை அவர் எடுத்துக்கொண்டார். ஜப்பானியத்தில் ‘அஷி’ என்னும் சொல் காலையும் குறிக்கும், மரியாதை முன்னொட்டோடு காசையும் குறிக்கும். போதிதருமருக்கும் கால் இல்லை, எனக்கும் காசு இல்லை என்று தம் புனைபெயருக்கு அவர் சிலேடையாகப் பொருள் கூறியதாகச் சொல்வர். நம் காளமேகம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

எழுத்தால் வயிறு நிறையாது என்று தெளிந்தபின்னரே ரியூசெனில் கடை வைத்தார். தீப்பெட்டி, மெழுகுவத்தி, சோப்பு, துடைப்பம், சிறுவர்க்கான மிட்டாய், காகிதப் பொம்மை ஆகியனவே சரக்கு. தங்கை கடையில் அமர, அக்காள் மொத்தக் கடைகளுக்கு நடந்து சென்று சரக்கு வாங்கி வந்தார். வீட்டின் முன்னே யோஷிவாராவுக்குச் செல்லும் சாலை. இரவெல்லாம் கைரிக்‌ஷாக்கள் ஆடவரை ஏற்றிக்கொண்டு ஓடின. பத்து நிமிடத்தில் 75 வண்டிகள் சென்றதை எண்ணித் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார் இச்சியோ. உறக்கம் கெட்ட ஒரு பெண் வேறென்ன செய்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் சினந்து எழுதவில்லை, எண்ணி எழுதினார்.

கடை நிலைக்கவில்லை. 1894 மே மாதத்தில் அதை மூடிவிட்டுக் குடும்பம் இடம்பெயர்ந்தது. ஆனால் மிட்டாய் வாங்க வந்த சிறுவர்களையும், அகழிக்கு அப்பாலிருந்து தையல் வேலை பெற்றுப் பிழைத்த அண்டை வீட்டாரையும், கோயில் திருவிழாக்களையும் அவர் தம் நெஞ்சில் எடுத்துச் சென்றார். அவற்றிலிருந்து பிறந்ததே ‘தக்கெகுராபே’ என்னும் குறுநாவல். ‘உயரம் ஒப்பிடல்’ என்று இதனைத் தமிழாக்கலாம். 1895 ஜனவரியிலிருந்து ஓராண்டுக் காலம் ‘புங்ககுகாய்’ இதழில் அது வெளிவந்தது.

அதன் தலைவி மிதோரி, துடுக்கும் துணிவும் நிறைந்த பதினான்கு வயதுச் சிறுமி. அவள் அக்காள் யோஷிவாராவில் பேர்பெற்ற பரத்தை. துறவியாகவிருக்கும் கோயில் குருவின் மகன் ஷின்ன்யோவுக்கும் அவளுக்கும் இடையே சொல்லப்படாத ஓர் அன்பு. கதையின் இறுதிப் பகுதி ஓத்தோரி கோயிலின் நவம்பர்த் திருவிழாவில் நிகழ்கிறது. அந்நாளுக்குப் பின் மிதோரி ஒரே நாளில் மாறிப்போகிறாள், விளையாட மறுக்கிறாள், முகம் காட்டக் கூசுகிறாள். என்ன நேர்ந்தது என்று இச்சியோ கூறவில்லை. அறிஞர்கள் இன்றும் அதனைப் பற்றி வாதிடுகின்றனர். பனி உறைந்த ஒரு காலையில், காகிதத்தால் செய்த ஒரு நார்சிசுப் பூவை யாரோ அவள் வீட்டுக் கம்பிக் கதவில் செருகி வைத்துச் செல்கின்றனர். கொடுமை எதனையும் உரக்கச் சொல்லாமல், ஒரு சிறுமியின் விளையாட்டு நின்றுபோவதை மட்டும் காட்டி, யோஷிவாரா முழுவதையும் நம்முன் நிறுத்துகிறது அந்நூல்.

1896-இல் அக்கதை முழுமையாக மறுபதிப்புப் பெற்றபோது, பேரெழுத்தாளர் மோரி ஓகாய், இவரைக் கவிஞர் என்றே அழைக்கவேண்டும் என்னும் கருத்துப்படப் பாராட்டினார். அவ்வாண்டு நவம்பர் 23 அன்று இச்சியோ காசநோயால் மறைந்தார். அன்று எட்டயபுரத்துச் சுப்பிரமணியனுக்குப் பதினான்கு வயது நிறையவில்லை.

தெருவார் எழுப்பிய நினைவகம்

ஓத்தோரி கோயிலின் வழியாகவே ரியூசெனுக்குச் சென்றேன். நவம்பரில் சேவல் நாட்களில் இங்குச் சந்தை கூடுகிறது. செல்வத்தை வாரிக்கொள்வதற்கு அடையாளமாக அலங்கரித்த மூங்கில் வாருகோல்களை விற்கின்றனர். பேரம் படிந்ததும் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கைதட்டுகின்றனர். இச்சியோவின் காலத்தில் இச்சந்தை நாட்களில் யோஷிவாராவின் பக்கக் கதவுகளும் திறந்துவிடப்பட்டன. அக்கதவுகளின் வழியே உள்ளே நுழைந்த கூட்டத்தை அவர் எழுத்தில் காணலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் இச்சியோ நினைவு அருங்காட்சியகம் உள்ளது. அதன் வரலாறுதான் நம்மைப் போன்றோர் கருதத்தக்கது. இச்சியோ இத்தெருவில் வாழ்ந்தது பத்தே மாதம். அதுவும் தோற்றுப்போன கடைக்காரியாக. ஆயினும் தெருவார் அவரைத் தம்மவர் என்று கொண்டனர். போரில் அனைத்தும் எரிந்தபின், வீடு கட்டவே பொருளில்லாத காலத்தில், 1951-இல் அவ்வூர் அன்பர்கள் ‘தக்கெகுராபே’ நினைவுக்கல் ஒன்றை நாட்டினர். பின்னர்ப் பொருள் திரட்டி நிலம் வாங்கி, அதனைத் தைத்தோ வட்ட நிருவாகத்துக்குக் கொடையாக அளித்து, அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்டனர். 1961-இல் அது திறக்கப்பட்டது. 2006-இல் புதிய கட்டடம் பெற்றது. கல் நாட்டியதற்கும் கதவு திறந்ததற்கும் இடையே பத்தாண்டுகள். இடிவாயிலை எழுப்பியது ஒரு பெருஞ்செல்வரின் கொடை. இதனை எழுப்பியது ஒரு தெருவின் பிடிவாதம்.

உள்ளே கையெழுத்துப் படிகளையும், கடிதங்களையும், அவ்வரிசை வீட்டின் சிறு மாதிரியையும் கண்டேன். அக்காள் விட்டுச்சென்ற தாள்களைத் தங்கை குனி வறுமையிலும் விற்காமல், எரிக்காமல் காத்தமையால் நாட்குறிப்பு 1912-இல் அச்சேறியது. நுழைவுக் கட்டணத்துக்கு நான் கொடுத்த தாளைப் பார்த்து அங்கிருந்த மூதாட்டியார் புன்னகை பூத்தார். அது பழைய ஐயாயிரம் யென் தாள். 2004-இலிருந்து அத்தாளில் இச்சியோவின் முகம் அச்சிடப்பட்டது. 2024 ஜூலையில் வேறு முகத்தோடு புதிய தாள் வந்தபின் பழையது அரிதாகி வருகிறது. காசில்லை என்று தம் பெயரிலேயே எழுதிவைத்தவரின் முகம் இருபதாண்டுகள் காசின்மீது இருந்தது. மூதாட்டியார் அத்தாளை எனக்கே திருப்பித் தந்து, சில்லறையாக இருந்தால் கொடுங்கள் என்று சைகை காட்டினார். அது இப்போது என் நாட்குறிப்பில் இருக்கிறது.

பெயரில்லாதவர்கள்

மாலையில் மினோவா நிலையத்தை நோக்கி நடந்து, அடுத்த வட்டமாகிய அரகவாவின் எல்லைக்குள் இருக்கும் ஜோகான்ஜி கோயிலை அடைந்தேன். ‘எறிந்துவிட்டுப் போகும் கோயில்’ என்று இதனை மக்கள் அழைத்தனர். உற்றார் ஏற்க வராத யோஷிவாராப் பெண்களின் உடல்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. 1855-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இறந்தவர்களும் இங்கேயே புதைக்கப்பட்டனர். ஏறத்தாழ 25,000 பேர் இங்கு அடங்கியிருப்பர் என்பது மதிப்பீடு. நினைவுத்தூணின் அடியில் யாரோ சீப்பும் சிறு கண்ணாடியும் வைத்திருந்தனர்.

இருபது ஆண்டுகளாக மருதத்திணையை வகுப்பில் நடத்தி வருகிறேன். காதற்பரத்தை, இற்பரத்தை என்று வகை பிரிப்பேன். ஊடலுக்கு அவள் ஒரு கருவி என்று விளக்குவேன். அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டலாகாது என்பது இலக்கணம். தலைவிக்கும் அங்குப் பெயரில்லை. ஆனால் தலைவிக்குப் பெயரில்லாமையும் பரத்தைக்குப் பெயரில்லாமையும் ஒன்றுதானா என்று என்னை எந்த மாணவியும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அத்தூணின் முன்னர் நின்றபோது கேட்டேன். இவ்வாண்டு அப்பாடத்தைத் தொடங்கும்போது மாணவியரிடமும் கேட்பேன்.

எரிந்த கோயிலை வழிபடுவோர் கட்டினர். இச்சியோவின் கடையைத் தெருவார் நினைவில் வைத்தனர். தூணின் அடியில் கிடக்கும் 25,000 பேருக்குக் கட்டவோ வாங்கவோ எவரும் இல்லை. அவர்களுக்கு வாய்த்தவர், அகழிக்கு வெளியே மிட்டாய் விற்றுக்கொண்டு, போகும் வண்டிகளை எண்ணிக்கொண்டு, உள்ளே போகவிருந்த ஒரு சிறுமிக்கு மிதோரி என்று பெயரிட்டு எழுதிய ஓர் இளம்பெண். அவர் எழுதியிராவிட்டால் அத்தூண் எனக்கு ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இருந்திருக்கும்.

நம் வட்டம் பத்தாண்டு கண்டுவிட்டது. வாடகைக்கு எடுத்த அறையில், கடன் வாங்கிய நாற்காலிகளில் அமர்ந்து, மாதந்தோறும் கவிதை படித்தோம். இதனால் விளைந்தது என்ன என்று வீட்டில் கேட்டவர்களுக்கு விடை கூறத் தெரியாமல் நின்றோம். ரியூசென் தெருவாரும் 1951-இல் ஒரு கல்லைத்தான் நாட்டினர். அவர்களையும் அன்று அவ்வாறே கேட்டிருப்பர். அடுத்த பத்தாண்டில், நம் ஊரில் எழுதி மறக்கப்பட்டவர் ஒருவரின் தாள்களையேனும் தேடிக் காப்போமாயின், நம் தெருக்களில் பெயரின்றி வாழ்ந்தவர் ஒருவரையேனும் கவிதையில் பெயரிட்டு அழைப்போமாயின், இப்பத்தாண்டு வீண்போகவில்லை என்று கொள்ளலாம். பழைய ஐயாயிரம் யென் தாளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். அன்பர்கள் அம்முகத்தைக் காண வேண்டும்.